துலூஸிலிருந்து சாரம் வரை

நம் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள்: "சென்னையிலிருந்து பாரீசுக்கு எத்தனை மணி நேரம்?" நீங்களும் கணினியைப் பார்த்து, எட்டாயிரம் கிலோமீட்டர், நேர் விமானம் என்றால் பத்து மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் என்று சொல்லியிருப்பீர்கள். சொன்னதில் தப்பில்லை. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போயிருக்கிறேன். சூரத்தில் ஒரு சாயப் பட்டறையில் இருந்தேன். கைத்தோல் உரிய ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஓர் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம், மூட்டைப்பூச்சியைச் சேர்க்காமல். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போனபோது அவர்களே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரிக்கு வந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு இந்த ஆபீஸில் வேலை கொடுத்தவர் அப்போது இதை நடத்திக்கொண்டிருந்த மதாம். பெயர் சொல்ல வேண்டாம் என்று இருக்கிறேன். எல்லாருக்கும் அவர் மதாம்தான்.

அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. "பிளேன தவறவிட்டவங்கள பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

"பாத்ததில்ல மதாம். அவங்க பெட்டிய எறக்கியிருக்கேன்."

பெட்டி ஏறி, ஆள் ஏறவில்லை என்றால் அந்தப் பெட்டி விமானத்தில் போகக் கூடாது. தேடி எடுத்துக் கீழே இறக்க வேண்டும். ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றைப் பிடிக்க ஓடிவருகிறவர்களின் பெட்டிகள்தான் அதில் அதிகம். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் நின்று கையை ஆட்டுவார்கள் என்று சொல்வார்கள். கீழே இருக்கும் எங்களுக்கு அவர்கள் முகம் தெரியாது. பெட்டியில் கட்டியிருக்கும் சிவப்பு ரிப்பனும், மார்க்கர் பேனாவால் எழுதிய ஊர்ப் பெயரும்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் மதாம், "அப்போ நாளைக்கே வா," என்றார்.

வேலை கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. ஜனங்கள் எங்கே தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளத்தான் வருஷக்கணக்கில் ஆயிற்று. ஒருவர் டிக்கெட்டைத் திருப்பிக்கொண்டுவந்து மேஜையில் போட்டார். "போவறதுக்கு ஆறரை மணி நேரம், வர்றதுக்கு பதினாலு மணி நேரமா? ஒரே பிளேன்தானய்யா? இன்னா, வர்றப்போ வழியில டீ குடிக்க நிறுத்துவானா?" டிக்கெட்டில் கிளம்பும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இந்த ஊர்க் கடிகாரம் என்று அவருக்கு விளக்கினேன். உண்மையில் மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிப்பதால் வரும்போதுதான் நேரம் குறைவு என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. இப்போதும் நம்பியிருக்க மாட்டார்.

இன்னொரு பழக்கம் நம் ஊருக்கே உரியது. புதுச்சேரியில் பிரான்சில் இருப்பவர்கள் எல்லாரும் 'பாரீஸ்ல' இருக்கிறார்கள். கடலோரத்தில் மார்சேயில் இருந்தாலும் பாரீஸ்தான், மலையடிவாரத்தில் இருந்தாலும் பாரீஸ்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள். மதாமுக்கு இது பிடிக்காது. யாராவது பாரீஸ் என்று வாயெடுத்தால் எந்த ஊர், எந்தத் தெரு, ஸ்டேஷன் பக்கமா என்று கேட்டுத் துளைத்துவிடுவார். "ஏர்போர்ட்லயா ஜனங்க குடியிருக்காங்க? வாசல்லேருந்து வாசல் வரைக்கும் சொல்லு," என்பார்.

இனி, இதே புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருக்கும் ஒரு வீட்டு விஷயம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சவரி, ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, கையில் போன். இன்னொருவன் அவருடைய அக்கா மகன் ஆரோக்கியம், முப்பத்தைந்து இருக்கும், சவரம் செய்யாத முகம். ஆரோக்கியத்தின் அப்பா அன்று காலை இறந்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், நம் ஊர் வழக்கத்தில் சொல்தா. மகள் லூர்து பாரீசில் இருக்கிறாள், அவளுக்கு டிக்கெட் வேண்டும்.

சவரி நிற்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். "போன்லயே போட்டிருக்கு சார், பத்து மணி நேரம்னு. இப்போ கெளம்புனா நாளைக்கு காலைல இங்க இருப்பா. நாலு மணிக்கு அடக்கம்னு மாதா கோயில் சாமியார்கிட்ட சொல்லியாச்சு. போஸ்டரும் அடிச்சாச்சு. நீங்க டிக்கெட்ட மட்டும் போட்டுடுங்க."

நம் ஊரில் இழவு வீட்டுக்குப் பந்தல் வருவதற்கு முன் போஸ்டர் வந்துவிடும். படம், பெயர், நல்லடக்க நேரம். ஒட்டிய பிறகு அந்த நேரம் சட்டம் மாதிரி. கோயில் மணியும், குழி வெட்டுகிறவரும், வெளியூர்ச் சொந்தமும் எல்லாம் அதன் பின்னால்தான் வரும். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கவுன்டரிலிருந்துதான். இந்த வீட்டில் போனிலிருந்து வந்திருந்தது.

"இப்போ கெளம்புனான்னா, எங்கேருந்து?" என்று கேட்டேன்.

"பாரீஸ்லேருந்துதான்."

"பாரீஸ்ல எந்த எடம்?"

சவரி மருமகனைப் பார்த்தார். ஆரோக்கியம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "பாரீஸ்தான் சார். அட்ரஸ் அப்பாவுக்குத்தான் தெரியும்."

அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை என்று புரிந்தது. காரணத்தைக் கேட்கவில்லை, அது என் வேலை இல்லை. வீட்டில் இருக்கும் அம்மாவைப் போனில் பிடிக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்கள், பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் மட்டும் தெளிவாகப் பேசினார்.

"பாப்பா பாரீஸ்ல இல்ல தம்பி. வேல மாத்திக்கினு தெக்கால போயிட்டா. துலூஸ்னு அவரு சொல்வாரு. அதுக்கும் பக்கத்துல ஏதோ ஒரு ஊரு. பஸ்ல போவணுமாம்."

ஆரோக்கியம் தலை நிமிர்ந்தான். "எப்பம்மா போனா?"

"அது ஆச்சு மூணு வருஷம். நீ எங்க கேட்ட?"

துலூஸ் பிரான்சின் தென்கோடி. அங்கிருந்து பாரீசுக்கு பஸ்ஸும் ரயிலுமாக ஏறக்குறைய அரை நாள். சவரியின் பத்து மணி நேரம் அங்கேயே உடைந்துவிட்டது. அன்றைய நேர் விமானம் அந்நேரத்துக்கு பாரீசிலிருந்து கிளம்பும் கட்டத்தில் இருந்தது. அடுத்தது மறுநாள் முற்பகல் கிளம்பி, நம் கடிகாரத்துக்கு நள்ளிரவில் சென்னை வரும். அதற்கு மேல் ஈ.சி.ஆர். வழியாக சாரம் வர விடிந்துவிடும்.

"நம்ம ஊர்லயே லாஸ்பேட்டையில ஏர்போர்ட் இருக்கே?" என்றார் சவரி.

"அங்கேருந்து போறது சின்ன பிளேனுங்க. பெங்களூரு, ஐதராபாத். அத நம்பி எறங்குனா இன்னும் லேட்டாவும்."

அம்மாளிடம் நம்பர் வாங்கி லூர்துவைப் போனில் பிடித்தேன்; அப்பா செய்தியை அம்மா காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தார். ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை, உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பிரெஞ்சு பாஸ்போர்ட், இந்தியா வர விசாவுக்குப் பதிலான ஓ.சி.ஐ. கார்டு இரண்டும் கையில் இருக்கின்றன என்றாள். பிறகு, "அண்ணன் பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்காரு. குடுக்கட்டுமா?"

"வேணாம். அடக்கம் எப்போ?"

"நாளைக்கு நாலு மணின்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ இன்னிக்கு ராத்திரி பிளேன்லயே போடுங்க. நானும் பாத்துட்டேன், வளைகுடா வழியா ஒண்ணு இருக்கு."

இருந்தது. கணினியிலும் அதுதான் முதலில் வந்து நின்றது. அன்று இரவு பாரீசில் கிளம்பி, நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி, மறுநாள் மதியத்துக்கு மேல் சென்னை. அடக்கத்தை ஆறு மணிக்குத் தள்ளினால், காகிதத்தில் சரியாக வந்துவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் கை தானாக பட்டனை அழுத்தப் போகும். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், இயந்திரமும் அதைத்தான் காட்டுகிறது, அழுத்தினால் உங்களை யாரும் குறை சொல்லப்போவதில்லை. நான் அழுத்தவில்லை. மனதுக்குள் வாசலிலிருந்து வாசல் வரை நடந்து பார்த்தேன். அவள் வீட்டிலிருந்து பஸ். பஸ்ஸிலிருந்து ரயில். பாரீஸ் ஸ்டேஷனிலிருந்து ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் விமான நிலையம். வளைகுடாவில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு ஓட்டம். சென்னையில் வரிசை, பெட்டி, அப்புறம் ரோடு. எல்லாமே சரியாக நடந்த நாட்களும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் ஒன்று பிசகினாலும் அவள் வளைகுடாவில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பாள், இங்கே ஆறு மணிக்கு மண் தள்ளிவிடுவார்கள்.

"நடுவுல நேரம் கம்மிம்மா," என்றேன்.

"ஓடுவேன் அண்ணே. எப்படியாவது ஓடி ஏறிடுவேன்."

"நீ ஓடுவ. ரயிலு நேரத்துக்கு ஓடணுமே."

அழுதாள். "அப்பா மூஞ்சிய பாக்காம விட்டுட்டா அது உங்களாலதான்."

மதாம் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் எல்லாம் விழுந்திருக்கும். அவர் தலையிடவே மாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டேன், அண்ணன் தங்கை இருவருக்கும் கேட்கும்படி. "நாலு மணின்னா லூர்து வராது. இது நிச்சயம். ஆறு மணின்னு தள்ளுனா வரலாம், வராமலும் போவலாம். ஒரு நாள் தள்ளி நாளானைக்குன்னு வெச்சா, நேர் பிளேன்ல வந்துடும். இன்னிக்கு ராத்திரியே பாரீஸ் வந்து தங்கிட்டா போதும். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

சவரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறு வருஷமா எட்டிப் பாக்காதவ. அவளுக்காக ஊரே ஒக்காந்திருக்கணுமா? வைத்திக்குப்பத்துலேருந்து அவ அப்பாவோட கூட்டாளிங்க நாளைக்கு கடலுக்குப் போவாம வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு இன்னா சொல்றது? பொணத்த ஐஸ் பெட்டில போட்டுட்டு பிளேன் வருதா பிளேன் வருதான்னு மானத்த பாக்கறதா?"

போனில் லூர்துவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"மாமா, சும்மா இருங்க," என்றான் ஆரோக்கியம். என்னிடம் திரும்பினான். "நாளானைக்கே வெச்சுக்கலாம் சார். ஆனா காலைல பத்து மணிக்கு வெச்சிடறேன். நான் சேதராப்பட்டு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கேன். மத்தியான ஷிப்டுக்காவது போவணும். மூணாம் நாளும் போவலன்னா மெஷின்ல வேற ஆள நிறுத்திடுவான்."

கஷ்டமான இடம் இதுதான். ஒரு நாள் தள்ளச் சொல்லி வாங்குவது பெரிய காரியமில்லை, துக்கத்தில் இருப்பவர்கள் பெரிய விஷயத்துக்குத் தலையாட்டிவிடுவார்கள். அதற்கு மேல் அரை நாள் கேட்பதுதான் கஷ்டம். விடியற்காலை வந்துவிடுவாள் என்று நானே சொல்லிவிட்டு, பத்து மணி வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் விமானம் நான்கு மணி நேரம் தாமதமாவது செய்தியே இல்லை. அதன் மேல் மரக்காணம் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்தால் பத்து மணி போய்விடும். பத்து மணிக்குக் கோயில் மணி அடித்துவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள், அண்ணன் உட்பட. சவப்பெட்டியைத் தூக்கிய பிறகு கீழே வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

"நாலு மணிக்கே வையுங்க தம்பி. தேதி மட்டும் மாறட்டும்."

"என் வேல போயிடும் சார்."

"தெரியுது. வேணாம்னா பத்துக்கே வையுங்க. ஆனா பத்து மணின்னா அவ வந்துடுவான்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

ஆரோக்கியம் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பிறகு அதைப் பார்த்தே, "நாலு மணி," என்றான். அது எனக்குச் சொன்ன பதிலா, அவளுக்குச் சொன்ன பதிலா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம், "சரி," என்று ஒரு குரல் வந்தது. டிக்கெட்டைப் போட்டேன்.

அவர்கள் வெளியே போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போஸ்டர் அடிப்பவர் கூப்பிட்டார். "அண்ணே, சாரம் கேஸு. நீங்க மாத்தச் சொன்னீங்களாமே. சவரி அண்ணன் கத்துறாரு. முழுசா புதுசா அடிக்கணுமா?"

"நேரம் அப்படியே இருக்கட்டும். தேதி மேல மட்டும் ஒரு துண்டு ஒட்டிடு."

"நல்ல வேள. பசையோட போச்சு," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. லூர்து பாரீஸ் போய்ச் சேர்ந்ததைச் சொன்னாள். ஏறியதைச் சொன்னாள். அதற்குப் பிறகு வானத்தில் இருப்பவளிடம் என்ன கேட்பது?

அன்று ஒரு தாமதமும் இல்லை. பின்காற்று நன்றாக இருந்திருக்க வேண்டும், விமானம் சொன்ன நேரத்துக்கும் முன்னாலேயே இறங்கிவிட்டது. பெட்டி உடனே வந்தது. ரோடும் காலி. கிழக்கு வெளுப்பதற்குள் அவள் சாரத்தில் இருந்தாள். காலையில் முதல் போன் சவரியிடமிருந்து.

"இன்னாய்யா உன் கணக்கு? விடியறதுக்குள்ள வந்து எறங்கிட்டா. பத்து மணிக்கு வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். வேலய வுட்டுட்டு இத்தன ஜனம் சாயங்காலம் வரைக்கும் குந்தினு கெடக்கணுமா? அந்தப் பையன் பொழப்புல மண்ண போட்டுட்ட."

அவர் சொன்னது நடந்தது. ஆரோக்கியத்துக்கு அந்த மெஷின் திரும்பக் கிடைக்கவில்லை என்றும், சில வாரம் கழித்து அதே கம்பெனியில் அனல் அடிக்கும் சூளைப் பக்கம் போட்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். நான் முன்பு வேலை பார்த்த இடங்களை நினைத்தால் சூளை மோசமில்லை. அவனுக்கு அது மோசம்தான். நாம் கூடுதலாகக் கேட்கிற நேரம் யாரோ ஒருவரின் கையிலிருந்துதான் வருகிறது. தாமதம் ஆகாத நாளில் அது வீண் என்று திட்டு வாங்குவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். அடுத்த முறையும் நான் நாலு மணி என்றுதான் சொல்வேன், திட்டையும் வாங்கிக்கொள்வேன்.

முற்பகலில் பூமாலை வாங்கிக்கொண்டு சாரத்துக்குப் போனேன். பந்தலில் பாதி நாற்காலிகள் காலி. உள்ளே கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஜெபமாலை சொல்லி முடித்து ஓய்ந்திருந்தார்கள். அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குட்டையான ஒரு பெண், பயணம் செய்த கால்சட்டையோடேயே, பெட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் கேட்ட குரல்தான்.

"டை யாரு கட்டுனது?"

"நான்தான். ஏன்?" என்றார் சவரி.

"இஸ்கூல் புள்ளைக்கு கட்டுன மாதிரி இருக்கு மாமா. அப்பா இப்படியா கட்டுவாரு?"

சவரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள், எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஆரோக்கியத்தைப் பார்த்து, "அந்தப் பக்கம் புடி," என்றாள். அவன் மூடியின் ஒரு முனையைப் பிடித்தான், சவரி மறுமுனையைப் பிடித்தார், தூக்கினார்கள். அவள் கையை உள்ளே விட்டு, அப்பாவின் கழுத்திலிருந்து டையை மெல்ல உருவி எடுத்தாள்.

படுத்திருப்பவருக்கு டை கட்ட முடியாது, இன்னொருவர் கழுத்தில் கட்டிக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். அவள் அதை நீவிவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணன் கழுத்தில் போட்டாள். அவன் நெட்டையான ஆள். முட்டியை மடக்கித் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் ஒரு முனையை இழுத்து, சுற்றி, உள்ளே விட்டு முடிச்சுப் போட்டாள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். நீளம் சரியில்லை. அவிழ்த்தாள்.

"குளுரு போவுது, மூடிய மூடிடலாம்," என்று யாரோ பெண்கள் பக்கமிருந்து சொன்னார்கள். சவரியும் ஆரோக்கியமும் மூடியை இறக்கி வைத்தார்கள். இரண்டாவது முறையும் முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் குனிந்தபடியே, "அப்பா மொதல்ல சின்னப் பக்கத்ததான் அளப்பாரு," என்றான்.

"தெரியும். பேசாம இரு," என்றாள். மறுபடி அவிழ்த்தாள்.

சவரி ஒரு நாற்காலியை இழுத்து, ஆரோக்கியத்துக்குப் பின்னால் போட்டார்.

"ஒக்காருடா, முட்டி நோவப் போவுது," என்றார். பிறகு அவளிடம், "நீ நிதானமா கட்டு. நாலு மணிக்குத்தானே," என்றார்.